ரெப்போவை இடம் மாற்றியதும் டெர்ராகிரண்ட் எல்லாவற்றையும் புதிதாக உருவாக்கச் சொல்கிறது: பழைய ஸ்டேட் எங்கே போனது?

தீவுக்காரன் (பாயான் லெப்பாஸ்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வேலையிடத்துச் சோதனைக்கூடத்தில் மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் சர்வர்கள் சில இருக்கின்றன. அவற்றில் ஓடும் விஎம், நெட்வொர்க், டிஎன்எஸ் எல்லாவற்றையும் டெர்ராஃபார்ம் (சர்வர் அமைப்பைக் கோடாக எழுதி உருவாக்கும் கருவி) மாட்யூல்களாக எழுதி, அவற்றை யூனிட் என்ற கோப்புறைகளாகப் பிரித்து ஓட்டும் டெர்ராகிரண்ட் வழியாக ஓட்டுகிறோம். கூடத்துக்கு இணையத் தொடர்பு கிடையாது. ப்ரொவைடர்களுக்கு (டெர்ராஃபார்மின் இணைப்புச் செருகிகள்) உள்ளேயே ஒரு மிரர் உண்டு. ஸ்டேட், அதாவது எதையெல்லாம் உருவாக்கியிருக்கிறது என்று டெர்ராஃபார்ம் வைத்திருக்கும் கணக்குக் கோப்பு, லோக்கல்தான்.

போன வாரம் எனக்குப் புது லேப்டாப் கொடுத்தார்கள். பழையதிலிருந்து ரெப்போவை மறைந்த கோப்புகளோடு சேர்த்து ஆர்சிங்க் போட்டுக் கொண்டுவந்தேன். முன்பு ஹோம் கோப்புறைக்குள் 'லேப்' என்ற பெயரில் இருந்தது, இப்போது 'வேலை' என்ற கோப்புறைக்குள் இருக்கிறது. கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, கிட் ஸ்டேட்டஸ் சுத்தம். ஆனால் விஎம் யூனிட்டில் பிளான் (என்ன மாறும் என்ற முன்னோட்டம்) போட்டால் சேர்க்க 18, மாற்ற 0, அழிக்க 0 என்று வருகிறது. அந்த விஎம்கள் எல்லாம் இந்த நிமிடம் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன!

என்னோடு வேலை செய்பவர் இன்னொரு யூனிட்டில் அப்ளையும் (மாற்றத்தை நிஜமாகச் செய்யும் கட்டளை) கொடுத்துப் பார்த்தார். 201 என்ற விஎம் எண் ஏற்கனவே இருக்கிறது என்று பாதியில் நின்றுவிட்டது.

ஒவ்வொரு யூனிட்டின் டெர்ராகிரண்ட் கோப்பிலும் சோர்ஸ் என்று மாட்யூல் கோப்புறைக்கு ரிலேட்டிவ் பாத் கொடுத்திருக்கிறோம். ஸ்டேட்டை எங்கே வைப்பது என்று சொல்லும் ரிமோட்_ஸ்டேட் பிளாக் எதுவும் எழுதவில்லை. எங்கே பார்ப்பது என்று சொல்லுங்கள்.

இரவுப்பணி (சௌகிட்)

இது கேஷ் கெட்டுப்போனதால் வருகிற பிரச்சினை மாதிரி தெரிகிறது பிரதர். டெர்ராகிரண்ட் கேஷ் கோப்புறைகள் எல்லாவற்றையும் ஃபைண்ட் கட்டளையில் தேடி ஒரேயடியாக அழித்துவிட்டு மறுபடி இனிட் (தொடக்கத் தயாரிப்புக் கட்டளை) போடுங்கள். அந்தக் கோப்புறையை எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம் என்று டெர்ராகிரண்டின் ஆவணத்திலேயே இருக்கிறது, கட்டளையும் அங்கேயே கொடுத்திருக்கிறார்கள்.

செந்தூல்_அக்கா (கோலாலம்பூர்)

தீவுக்காரன் தம்பி, தயவுசெய்து அந்தக் கட்டளையை ஓட்டிவிடாதீர்கள். உங்கள் பழைய ஸ்டேட் பத்திரமாக இருக்கிறது. அது இருக்கிற இடமே அந்தக் கேஷ் கோப்புறைதான்.

இரவுப்பணி சொன்னது ஆவணத்தில் இருப்பது உண்மை. ஸ்டேட் வேறோர் இடத்தில், அதாவது பக்கெட்டிலோ டேட்டாபேஸிலோ இருக்கிறவர்களுக்கு அது சரியான வழி. லோக்கல் ஸ்டேட் வைத்து, சோர்ஸும் கொடுத்து, ரிமோட்_ஸ்டேட் பிளாக் எழுதாமல் விட்டவர்களுக்கு அதே கட்டளை ஒட்டுமொத்தக் கணக்கையும் துடைத்துவிடும். கேஷ் என்று பெயர் இருப்பதால் யாரும் தயங்காமல் அழிக்கிறார்கள். இதை நான் எத்தனை பேருக்குச் சொன்னாலும் அலுக்காது.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். டெர்ராஃபார்மைத் தனியாக ஓட்டினால், பேக்கெண்ட் (ஸ்டேட் வைக்கும் இடம்) எதுவும் எழுதாதபோது, ஓடுகிற கோப்புறையிலேயே டெர்ராஃபார்ம்.டிஎஃப்ஸ்டேட் என்ற கோப்பை எழுதும். டெர்ராகிரண்டில் சோர்ஸ் கொடுத்தால், அந்த மாட்யூலை முதலில் யூனிட்டின் கீழே டாட் டெர்ராகிரண்ட்-கேஷ் என்ற மறைந்த கோப்புறைக்குள் நகலெடுத்துக்கொண்டு, அதற்குள் போய்த்தான் டெர்ராஃபார்மை ஓட்டும். டெர்ராஃபார்முக்கு அது தெரியாது, தான் நிற்கிற இடத்தில் ஸ்டேட்டை எழுதிவிட்டுப் போய்விடும். ஆக ஸ்டேட் கேஷுக்குள் விழுகிறது.

அந்தக் கேஷுக்குள் இரண்டு அடுக்குக் கோப்புறைகள் இருக்கும், இரண்டுக்கும் பெயர் ஹாஷ், அதாவது ஒரு பாத்திலிருந்து கணக்கிட்டு எடுத்த எழுத்துக்கோவை. முதல் ஹாஷ் நீங்கள் ஓட்டுகிற யூனிட்டின் முழு பாத்திலிருந்து வருகிறது. இரண்டாவது, சோர்ஸ் முகவரியிலிருந்து. சோர்ஸ் லோக்கல் கோப்புறை என்றால் அதையும் முழு பாத்தாக மாற்றிக்கொண்டுதான் ஹாஷ் போடும். நீங்கள் ரெப்போவை 'லேப்'பிலிருந்து 'வேலை'க்கு மாற்றியதும் இரண்டு ஹாஷும் மாறிவிட்டன. டெர்ராகிரண்ட் புதுப் பெயரில் ஒரு கோப்புறை உருவாக்கி, மாட்யூலை அங்கே நகலெடுத்து ஓட்டியது. அங்கே ஸ்டேட் இல்லை. ஸ்டேட் இல்லையென்றால் எல்லாமே புதியது என்றுதான் டெர்ராஃபார்ம் நினைக்கும், 18 சேர்க்கச் சொல்லும்.

மறைந்த கோப்புகளோடு கொண்டுவந்தீர்களே, அதுதான் உங்களைக் காப்பாற்றியது. கிட் குளோன் எடுத்திருந்தால் கேஷ் வந்திருக்காது, பழைய லேப்டாப்பைத் தேடிப் போயிருக்க வேண்டும். ஐடி ஆட்கள் அதைத் துடைத்து வேறு யாருக்காவது கொடுப்பதற்குள்!

இப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: டிஎஃப்ஸ்டேட் என்று முடிகிற எல்லாக் கோப்புகளையும் ஃபைண்ட் கட்டளையில் தேடி, பாத்தோடு சேர்த்து ரெப்போவுக்கு வெளியே நகல் எடுங்கள். எஃப்டி என்ற கருவியை அப்படியே பயன்படுத்தாதீர்கள், அது மறைந்த கோப்புறைகளையும் கிட்இக்னோரில் இருப்பவற்றையும் தாண்டிப் போய்விடும். டாட் பேக்கப் என்று முடிகிற கோப்புகளையும் விடாதீர்கள். நகல் எடுத்துவிட்டு இங்கே எழுதுங்கள். அதுவரை யாரும் அப்ளை கொடுக்கக் கூடாது.

இரவுப்பணி (சௌகிட்)

அக்கா சொன்னது சரி. எங்கள் ஸ்டேட் எல்லாம் அமேசானின் எஸ்3 பக்கெட்டில் (இணையச் சேமிப்பகம்) இருக்கிறது, அதை மனதில் வைத்துச் சொன்னேன். தீவுக்காரன், என் பதிலை விட்டுவிடுங்கள்.

தீவுக்காரன் (பாயான் லெப்பாஸ்)

மிக்க நன்றி அக்கா. நகல் எடுத்துவிட்டேன். ஒவ்வொரு யூனிட்டிலும் பழைய ஹாஷ் கோப்புறைக்குள் ஸ்டேட் கோப்பு இருக்கிறது. புது ஹாஷ் கோப்புறைகளில் இல்லை. அப்ளை கொடுத்த யூனிட்டில் மட்டும் இரண்டு: பழையது 140 கேபி, புதியது இரண்டு கேபிகூட இல்லை. இதில் எதை வைத்துக்கொள்வது? இரண்டையும் சேர்க்க வழி உண்டா?

செந்தூல்_அக்கா (கோலாலம்பூர்)

பிளான் மட்டும் போட்டால் ஸ்டேட் கோப்பு எழுதப்படாது, அதனால்தான் மற்ற யூனிட்டுகளில் ஒன்றுதான் இருக்கிறது. அப்ளை கொடுத்த இடத்தில் பாதியில் நின்றாலும், அதுவரை முடிந்தது பதிவாகிவிடும்.

இரண்டு கோப்பையும் எடிட்டரில் திறந்து பாருங்கள், சாதாரண ஜேசன்தான். மேலேயே 'சீரியல்', 'லினியேஜ்' என்று இரண்டு வரிகள் இருக்கும். லினியேஜ் என்பது அந்த ஸ்டேட் முதன்முதலில் பிறந்தபோது கிடைத்த அடையாள எண், கடைசிவரை மாறாது. சீரியல் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏறும். உங்கள் இரண்டு கோப்பிலும் லினியேஜ் வேறு வேறாக இருக்கும். அப்படியென்றால் ஒன்று இன்னொன்றின் தொடர்ச்சி இல்லை, சேர்க்கக் கூடாது. ஸ்டேட் புஷ் கட்டளையும் லினியேஜ் பொருந்தாவிட்டால் மறுத்துவிடும். அங்கே ஃபோர்ஸ் போட்டுத் தாண்ட ஆசை வரும், வேண்டாம்.

புதிய கோப்பில் ரிசோர்ஸஸ் பகுதியில் என்னென்ன இருக்கிறது? அதுதான் முக்கியம். நிஜத்தில் ஏதாவது உருவாகியிருந்தால் அதைக் கையால் அழிக்கவோ இம்போர்ட் செய்யவோ (ஏற்கனவே இருப்பதை ஸ்டேட்டில் சேர்க்கவோ) வேண்டும்.

தீவுக்காரன் (பாயான் லெப்பாஸ்)

ஆமாம், லினியேஜ் வேறு. பழையதில் சீரியல் 63, புதியதில் 2. புதியதில் ஒரே ஒரு ரேண்டம்_பாஸ்வேர்ட் மட்டும்தான் இருக்கிறது, விஎம் உருவாகும் முன்பே நின்றிருக்கிறது.

செந்தூல்_அக்கா (கோலாலம்பூர்)

நல்லது. ரேண்டம்_பாஸ்வேர்ட் ஸ்டேட்டுக்குள் மட்டும் வாழ்கிற ரிசோர்ஸ், வெளியே எதுவும் இல்லை. புதிய கோப்பைத் தூக்கிப்போடலாம். பழையதில் இருக்கும் பாஸ்வேர்டுதான் உங்கள் விஎம்களில் இப்போது ஓடுகிறது. புதியதை வைத்து வேலையைத் தொடர்ந்திருந்தால் எல்லா விஎம்மின் பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்லி நிற்கும்.

இனி நிரந்தர வழி. ஸ்டேட் எங்கே இருக்கும் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும், கருவியின் இஷ்டத்துக்கு விடக் கூடாது. லோக்கல் ஸ்டேட்டில் எனக்குக் குறையே இல்லை. முகவரி எழுதாத லோக்கல் ஸ்டேட்தான் ஆபத்து.

மேலே இருக்கும் ரூட் கோப்பில் ரிமோட்_ஸ்டேட் பிளாக் எழுதுங்கள். பெயரில் ரிமோட் இருந்தாலும் பேக்கெண்ட் 'லோக்கல்' என்று கொடுக்கலாம். கான்ஃபிக் பகுதியில் பாத் கொடுக்கும்போது மூன்று துண்டு: முதலில் கெட்_பேரண்ட்_டெர்ராகிரண்ட்_டிர் ஃபங்ஷன், அதாவது ரூட் கோப்பு இருக்கிற இடம். அடுத்து 'ஸ்டேட்' என்ற கோப்புறையும் பாத்_ரிலேட்டிவ்_டு_இன்க்ளூட் ஃபங்ஷனும். கடைசியில் கோப்பின் பெயர்.

இதில் இரண்டு இடத்தில் கால் வழுக்கும். வெறும் கோப்புப் பெயரை மட்டும் பாத்தாகக் கொடுத்தால் அது கேஷ் கோப்புறையிலிருந்தே கணக்காகும், பழைய நிலைமைதான். இரண்டாவது இன்னும் மோசம்: பாத்_ரிலேட்டிவ்_டு_இன்க்ளூட் விடுபட்டால் எல்லா யூனிட்டும் ஒரே ஸ்டேட் கோப்பைப் பங்குபோடும். டிஎன்எஸ் யூனிட்டில் பிளான் போட்டால் விஎம் யூனிட்டில் உள்ளவற்றை எல்லாம் அழிக்கச் சொல்லும், ஏனென்றால் ஸ்டேட்டில் இருக்கிறது, கோடில் இல்லை. அழிக்க என்ற எண் பூஜ்யமாக இல்லாவிட்டால் அங்கேயே நில்லுங்கள்.

ஜெனரேட் பகுதியையும் சேர்த்து எழுதுங்கள், அது பேக்கெண்ட் பிளாக் உள்ள கோப்பை மாட்யூலுக்குள் தானே எழுதிவிடும். இல்லாவிட்டால் ரிமோட்_ஸ்டேட் இருக்கிறது, மாட்யூலில் பேக்கெண்ட் பிளாக் இல்லை என்று டெர்ராகிரண்ட் குறை சொல்லும்.

அப்புறம் பழைய ஸ்டேட்டை அந்தப் புது முகவரியில் நீங்களே கையால் வையுங்கள். கேஷ் கோப்புறைகளை அதற்குப் பிறகு அழியுங்கள், இப்போது இரவுப்பணி சொன்ன கட்டளையே போதும். கேஷில் ஸ்டேட் மிச்சம் இருந்தால் இனிட் அதைப் பார்த்துவிட்டு, முன்பிருந்த ஸ்டேட்டைப் புது இடத்துக்கு நகலெடுக்கவா என்று கேட்கும். அந்த இரண்டு கேபி கோப்புக்கு 'எஸ்' சொல்லிவிட்டால் நல்ல ஸ்டேட் போய்விடும். அந்தக் கேள்வியே வராதபடி செய்வது மேல். ஒரு யூனிட்டில் மட்டும் முதலில் செய்து பிளான் பாருங்கள்.

கம்பிவடம் (ஜார்ஜ் டவுன்)

தீவுக்காரன், உங்கள் யூனிட்டுகளுக்குள் டிபெண்டன்சி பிளாக்குகள் உண்டா? அதில் மாக்_அவுட்புட்ஸ் எழுதியிருக்கிறீர்களா? இருந்தால் உடனே ஒரு பார்வை பார்க்க வேண்டும்.

ஒரு யூனிட் இன்னொன்றின் அவுட்புட்டைக் கேட்கும்போது, டெர்ராகிரண்ட் அந்த இன்னொன்றின் ஸ்டேட்டைப் படிக்கிறது. ஸ்டேட் காணாமல் போயிருந்தால், அவுட்புட் எதுவும் இல்லை, இன்னும் அப்ளை ஆகவில்லையோ என்று பிழை வர வேண்டும். மாக் இருந்தால் அந்தப் பிழை வராது. போலி மதிப்பை எடுத்துக்கொண்டு பிளான் சத்தமில்லாமல் முடியும். நெட்வொர்க் யூனிட்டின் ஸ்டேட் போய்விட்டது என்பது விஎம் யூனிட்டின் பிளானில் தெரியவே தெரியாது. அப்ளையிலும் மாக் ஓடினால் உங்கள் விஎம் எல்லாம் இல்லாத பிரிட்ஜில் (மெய்நிகர் நெட்வொர்க் சுவிட்ச்) போய் உட்காரும்.

மாக்_அவுட்புட்ஸ்_அலவுட்_டெர்ராஃபார்ம்_கமாண்ட்ஸ் என்ற வரியைக் கட்டாயம் சேருங்கள். அதில் வேலிடேட், பிளான் இரண்டு மட்டும். நான் வேலிடேட் மட்டுமே வைப்பேன். முதல்முறை எழுப்பும்போது பிளானுக்கு மாக் தேவைப்படலாம், ஓடிக்கொண்டிருக்கும் கூடத்துக்குத் தேவையில்லை.

தீவுக்காரன் (பாயான் லெப்பாஸ்)

இருக்கிறது. அந்த அலவுட் வரி எங்குமே இல்லை. விஎம் யூனிட்டின் பிளானில் பிரிட்ஜ் பெயர் 'மாக்-பிரிட்ஜ்' என்று வந்திருக்கிறது. இப்போது மேலே தள்ளிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. சேர்த்துவிடுகிறேன்.

மழைக்காலம் (பிரிக்பீல்ட்ஸ்)

இதே நோய் வேறு உருவத்தில் எங்களுக்கும் வந்தது, அதனால் எழுதுகிறேன். நாங்கள் லேப்டாப்பில் ஓட்டுவதில்லை, சிஐ ரன்னரில்தான் (கோடைத் தானாக ஓட்டும் சர்வர்). ஒவ்வொரு வேலைக்கும் ரன்னர் புதுக் கோப்புறையில் ரெப்போவை இறக்கி, முடிந்ததும் துடைத்துவிடுகிறது. முதல் அப்ளை ஜோராக ஓடியது. இரண்டாவது ஓட்டத்தில் எல்லாவற்றையும் மறுபடி உருவாக்கச் சொன்னது. அங்கே மிச்சம் எடுக்க எதுவும் இல்லை, இம்போர்ட்தான் ஒரே வழி.

டெர்ராஃபார்ம் 1.5-இலிருந்து, அதாவது 2023 ஜூனிலிருந்து, இம்போர்ட் பிளாக்கைக் கோடிலேயே எழுதலாம். பிளானில் இம்போர்ட் எத்தனை என்று தனியாகக் காட்டும், அப்ளை கொடுக்கும் முன் சரிபார்க்க முடியும். இந்த பிளாக்கை ரூட் மாட்யூலில் மட்டுமே எழுதுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக மாட்யூலைத் திறந்து திருத்த வேண்டாம். யூனிட்டின் டெர்ராகிரண்ட் கோப்புக்குப் பக்கத்திலேயே ஒரு டிஎஃப் கோப்பில் எழுதி வைத்தால், டெர்ராகிரண்ட் அதையும் கேஷுக்குள் கூடவே நகலெடுத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம்.

எங்களைத் தூங்கவிடாமல் செய்தவை இரண்டு. டிஎல்எஸ்_பிரைவேட்_கீ ரிசோர்ஸுக்கு இம்போர்ட்டே கிடையாது. சாவியைப் புதிதாக உருவாக்கி எல்லா இடத்திலும் மாற்றினோம். ரேண்டம்_பாஸ்வேர்டை அதன் மதிப்பைக் கொடுத்து இம்போர்ட் செய்யலாம், ஆனால் சிற்றெழுத்து, சிறப்பெழுத்து போன்ற அமைப்புகள் இயல்பு நிலைக்குப் போய்விடும். கோடில் வேறு மாதிரி இருந்தால் மாற்றியே தீர வேண்டும் என்று அடம்பிடிக்கும். லைஃப்சைக்கிளில் இக்னோர்_சேஞ்சஸ் போட்ட பிறகுதான் அடங்கியது.

இரவுப்பணி (சௌகிட்)

அதனால்தான் நான் எல்லாருக்கும் பக்கெட்டுக்குப் போங்கள் என்பேன். 2024 ஆகஸ்டில் ஏடபிள்யூஎஸ்ஸின் (அமேசான் கிளவுட்) மலேசிய ரீஜன் திறந்துவிட்டது, தரவு நாட்டுக்குள்ளேயே இருக்கும். முன்பு இருவர் ஒரே நேரத்தில் ஓட்டாதபடி தடுக்கும் பூட்டுக்காகத் தனியாக டைனமோடிபி டேபிள் வைக்க வேண்டும். இப்போது டெர்ராஃபார்ம் 1.10-இல் சோதனையாக வந்த யூஸ்_லாக்ஃபைல், 1.11-இல் நிலையாகிவிட்டது, எஸ்3-இலேயே பூட்டலாம். பக்கெட்டில் வெர்ஷனிங்கைப் போட்டுவிட்டால் நேற்றைய ஸ்டேட்டுக்குத் திரும்பவும் முடியும்.

செந்தூல்_அக்கா (கோலாலம்பூர்)

இணையம் உள்ள இடத்துக்கு அதுதான் என் பதிலும். இவர் கூடத்தில் இணையமே இல்லை என்பதை மறக்கக் கூடாது. ஸ்டேட்டை கிட்டில் கமிட் செய்யலாமே என்று அடுத்து யாராவது சொல்வார்கள். கூடவே கூடாது. அதில் பாஸ்வேர்டுகள் அப்படியே வெளிப்படையாக இருக்கின்றன. ஓப்பன்டோஃபு (டெர்ராஃபார்மின் திறமூலக் கிளை) 1.7-இலிருந்து ஸ்டேட்டைக் குறியாக்கம் செய்ய முடியும் என்றாலும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஓட்டினால் கிட் பூட்டுத் தராது. பகிர்ந்த நெட்வொர்க் டிரைவில் வைப்பதும் எனக்குப் பிடிக்காது. லோக்கல் பேக்கெண்டின் பூட்டு இயங்குதளத்தின் ஃபைல் லாக்கை நம்பியிருக்கிறது, நெட்வொர்க் டிரைவில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று உறுதி சொல்ல முடியாது.

தம்பி, கூடத்துக்குள்ளேயே ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இருந்தால் பிஜி பேக்கெண்ட் உங்களுக்குப் பொருந்தும். பூட்டு டேட்டாபேஸ் மூலமாகவே கிடைக்கும். கிட்லேப் உள்ளே வைத்திருந்தால் அதன் எச்டிடிபி ஸ்டேட்டும் நல்லது. பிஜியில் ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்கீமா பெயர் கொடுக்காவிட்டால் எல்லா யூனிட்டும் ஒரே ஸ்கீமாவில் டிஃபால்ட் என்ற ஒரே வரிசைக்குப் போய் முட்டிக்கொள்ளும். பாத்_ரிலேட்டிவ்_டு_இன்க்ளூடில் வருகிற சாய்கோடுகளை அடிக்கோடாக மாற்றி, யூனிட்டுக்கு ஒரு ஸ்கீமா என்று கொடுங்கள். அந்தப் போஸ்ட்கிரெஸ் விஎம்மை இதே டெர்ராஃபார்ம் நிர்வகிக்கக் கூடாது, தனியாக வைத்து பேக்கப் எடுங்கள்.

தீவுக்காரன் (பாயான் லெப்பாஸ்)

செய்து முடித்தேன். நெட்வொர்க் யூனிட்டில் ஆரம்பித்தேன்: ரிமோட்_ஸ்டேட் எழுதி, பழைய கோப்பைப் புது பாத்தில் வைத்து, கேஷை அழித்துப் பிளான் போட்டேன். மாற்றம் எதுவும் இல்லை என்று வந்தது. பிறகு மற்றவற்றையும் ஒவ்வொன்றாகச் செய்தேன். ஒரு விஎம்மில் மட்டும் மெமரியை 16 ஜிபியிலிருந்து 8-க்குக் குறைக்கச் சொல்கிறது. கேட்டுப் பார்த்தால் டெஸ்ட் குழுவினர் ப்ராக்ஸ்மாக்ஸ் திரையிலேயே ஏற்றியிருக்கிறார்கள். கோடில் 16 என்று திருத்திவிட்டேன், அதுவும் சுத்தம்.

ஸ்டேட் கோப்புறையை ரெப்போவுக்கு வெளியே, பேக்கப் எடுக்கிற டிஸ்கில் வைத்துவிட்டேன், ரூட் கோப்பில் முழு பாத். இரவு பேக்கப்பில் சேர்த்தாகிவிட்டது. பிஜி பேக்கெண்டுக்கு மேலாளரிடம் ஒரு சின்ன சர்வர் கேட்டிருக்கிறேன்.

ஒரு யூனிட்டில் மட்டும் 'டெஸ்ட்' என்று ஒரு வொர்க்ஸ்பேஸ் (ஒரே கோடுக்கு இன்னொரு தனி ஸ்டேட்) உண்டு. அதன் ஸ்டேட் புது பாத்தில் எழுதப்படவில்லை, மறுபடி கேஷுக்குள்ளேயே வருகிறது. நான் எதையாவது விட்டுவிட்டேனா?

கம்பிவடம் (ஜார்ஜ் டவுன்)

பாத் என்பது டிஃபால்ட் வொர்க்ஸ்பேஸுக்கு மட்டும்தான். மற்ற வொர்க்ஸ்பேஸ்களின் ஸ்டேட், டெர்ராஃபார்ம்.டிஎஃப்ஸ்டேட்.டி என்ற கோப்புறைக்குள் வொர்க்ஸ்பேஸின் பெயரில் போகும். அந்தக் கோப்புறை ஓடுகிற இடத்தில்தான் உருவாகும், உங்கள் விஷயத்தில் கேஷ். லோக்கல் பேக்கெண்டின் கான்ஃபிகில் வொர்க்ஸ்பேஸ்_டிர் என்று இன்னொரு வரி உண்டு, அதற்கும் முழு பாத் கொடுங்கள், அதிலும் யூனிட்டின் ரிலேட்டிவ் பாத்தைச் சேர்க்க மறக்க வேண்டாம்.

முதலில் இப்போது கேஷில் இருக்கும் 'டெஸ்ட்' ஸ்டேட்டை வெளியே நகல் எடுத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் டெர்ராகிரண்டோடு வொர்க்ஸ்பேஸே வேண்டாம், 'டெஸ்ட்' என்று தனி யூனிட் கோப்புறை போட்டுவிடுங்கள். எந்த ஸ்டேட் எதனுடையது என்று கோப்புறையைப் பார்த்தாலே தெரியும்.

தீவுக்காரன் (பாயான் லெப்பாஸ்)

நகல் எடுத்தாகிவிட்டது. தனி யூனிட்டாகவே பிரிக்கிறேன், ஸ்டேட்டை அதன் பாத்தில் வைத்துவிட்டுப் பிளான் பார்த்துச் சொல்கிறேன்.